வண்டிக்கு எலுமிச்சை, டிரைவருக்கு மாத்திரை

புதிதாக ஸ்டியரிங் பிடித்திருக்கும் தம்பிகளுக்கு ராமநாதசாமி துணையிருக்கட்டும்.

நம் சங்கத்து மலரில் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மைல்கல்லும் டோல்கேட் போர்டும்தான். எழுத்தில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுவதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போதைய வண்டி தானே பேசுகிறது, தானே கத்துகிறது, தானே படுத்துக்கொள்கிறது. நான் எழுதப் போவது டிரைவரின் வயிற்றுக்குள் போகிற சமாச்சாரம். சாராயத்தைச் சொல்லவில்லை, அதைப் பற்றிப் பேச ஊரில் ஆள் நிறைய இருக்கிறது. நான் சொல்வது மாத்திரையை.

சாலைப் பாதுகாப்பு வாரத்தில் ஒரு டாக்டர் வந்து இதைப் பற்றித்தான் பேசினார். எந்த மருந்து தூக்கத்தைக் கொண்டுவரும், எது கண்ணை மங்க வைக்கும், எது தலையைச் சுற்ற வைக்கும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். எனக்கு முன்னால் இருந்த தலைகளில் பாதி தொங்கிக் கிடந்தது. பிரியாணியை முதலில் போட்டது சங்கத்தின் தப்பு. தூக்க மருந்தைப் பற்றி அவர் விளக்க விளக்க, மருந்தே இல்லாமல் நீங்கள் செய்து காட்டினீர்கள். கை தட்டுவதற்கு மட்டும் சரியாக எழுந்துகொண்டீர்கள். ஆகவே அவர் சொன்னதையே நம்ம பாஷையில், நான் கண்ட ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்கிறேன். படுத்துக்கொண்டே படிக்கலாம். ஓட்டிக்கொண்டு படிக்காதீர்கள்.

நம் ஆட்களைப் போல வண்டியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் உலகத்தில் கிடையாது. ஆயில் டப்பாவை வாங்கினால் நாலு பக்கமும் திருப்பி, எழுத்துக்கூட்டிப் படித்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, அப்புறம்தான் ஊற்றுவோம். டீசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்திருந்தால் பங்க்காரனின் மூணு தலைமுறையை இழுப்போம். ஆனால் நம் வாய்க்குள் போகிற மாத்திரைக்கு ஒரே கேள்விதான் கேட்போம். என்ன கலரு?

வாலிநோக்கம் உப்பளத்தில் லோடுக்காக வரிசையில் நிற்கும்போது இந்தக் கலர் வைத்தியம் அமோகமாக நடக்கும். கருவேல மரத்தடியில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். நடுவில் அழகர்சாமி இருப்பார். அவருக்குப் பட்டப்பெயர் கம்பவுண்டர். எப்போதோ ஒரு சீசனுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டியிருக்கிறார், அதுதான் அவர் படித்த மருத்துவக் கல்லூரி. ஒரு அல்வா டப்பா நிறைய மாத்திரை வைத்திருப்பார். அட்டையைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருப்பதால் எதிலும் பேர் இருக்காது. மஞ்சள் இடுப்பு வலிக்கு, வெள்ளை சளிக்கும் தும்மலுக்கும். ரோஸ் எதற்கு என்று கேட்டால், "அது எல்லாத்துக்குந்தாண்ணே" என்பார்.

பத்தியம் வேறு சொல்லுவார். இதைப் போட்டால் கத்தரிக்காய் ஆகாது, அதைப் போட்டால் கருவாடு ஆகாது என்பார். எல்லோரும் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார்கள். கத்தரிக்காய் சாப்பிடலாமா என்று அவரிடம் கேட்காத டிரைவர் இல்லை. லாரி ஓட்டலாமா என்று கேட்ட டிரைவரை நான் பார்த்ததில்லை.

இதைப் படித்துவிட்டு, பெரியவர் சாமி சம்பிரதாயத்தை எல்லாம் கேலி பேச வந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நெற்றியில் விபூதி இல்லாமல் நான் வண்டி ஏறியது கிடையாது. எலுமிச்சம்பழத்தை நான் குறை சொல்லவே மாட்டேன், பழம் அதன் வேலையைச் செய்யும். ஆனால் டயருக்கு அடியில் வைத்த பழம் டிரைவரின் கண்ணிமையைத் தூக்கிப் பிடிக்காது. அது சாமி நமக்கு விட்ட வேலை.

இனி கதிரேசன் கதைக்கு வருகிறேன்.

கதிரேசன் ரொம்ப வருஷமாக ஆக்டிங் டிரைவர். எவனுக்காவது காய்ச்சல் வந்தால், எவன் வீட்டிலாவது துக்கம் விழுந்தால், அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டுவான். அடுத்தவனுக்குக் கேடு வந்தால்தான் இவன் வீட்டில் அடுப்பு எரியும் என்பதால், யாரைப் பார்த்தாலும் "நல்லா இருக்கீகளாண்ணே" என்று கேட்கவே கூச்சப்படுவான். நல்ல ஓட்டக்காரன். சொந்தமாக ஒரு வண்டி கைக்கு வர வேண்டும், அதன் கண்ணாடிக்கு மேலே தன் பிள்ளை பேரை எழுத வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

எங்கள் முதலாளி பரமக்குடிக்காரர். ஜவுளிக் கடையிலிருந்து லாரித் தொழிலுக்கு வந்தவர். நான் அவருடைய பழைய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் புதிதாக ஒரு வண்டி எடுத்தபோது, அதைக் கதிரேசனுக்குக் கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன். முதலாளி ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. தை அமாவாசை அன்று முதல் லோடு கிளம்ப வேண்டும், ராகு காலத்துக்கு முன்னால் சக்கரம் உருள வேண்டும். உப்பளத்திலேயே பூஜை. லோடு பாம்பனுக்கு, அங்கே கருவாடு போடுகிற இடத்துக்கு உப்பு.

முதலாளிக்கு நாள், நட்சத்திரம் என்றால் உயிர். தினசரி நாள்காட்டித் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்திருப்பார். வண்டி இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று கேட்டால் வீட்டில் பார்த்துச் சொல்கிறேன் என்பார். எமகண்டம் எப்போது முடிகிறது என்பதை மட்டும் நின்ற இடத்தில் சொல்லுவார்.

அன்று காலையில் உப்பளமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. முதலாளி, அவர் வீட்டம்மா, அவர்களுடைய சின்ன மகள், காரில் சொந்தக்காரர்கள், ஊரிலிருந்து அழைத்துவந்த பூசாரி, சர்க்கரைப் பொங்கல். கதிரேசன் புது வேட்டி கட்டி வந்திருந்தான். வண்டிக்கு மாலை போடச் சொன்னார்கள். அவன் மாலையை எடுத்துக்கொண்டு நேராகப் போய் என்னுடைய பழைய வண்டிக்குப் போட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்குப் படபடப்பு, பொண்ண மாத்திக் கட்டிட்டாரு" என்றார் கம்பவுண்டர். நானும் சிரித்தேன். தம்பிகளே, சிரிப்பு வருகிற இடத்தில்தான் நாம் முதலில் நிதானிக்க வேண்டும். வெள்ளை வெளேர் என்று பளபளக்கும் புது வண்டியையும், பெயிண்ட் உரிந்த என் வண்டியையும் பிரித்துப் பார்க்காத கண், வேறு எதைப் பிரித்துப் பார்க்கும்?

பூசாரி கற்பூரம் ஏற்றினார். கதிரேசனை வண்டிக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். அவன் கையைக் கூப்பிக் கண்ணை மூடினான். பூசாரி மந்திரம் சொன்னார். கற்பூரம் எரிந்து அடங்கியது. எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். கதிரேசன் மட்டும் அப்படியே நின்றான். கூப்பிய கை கலையவில்லை. விபூதி கொடுக்க வந்த பூசாரி, தியானத்தைக் கலைக்க மனசில்லாமல் அவரே அவன் நெற்றியில் பூசிவிட்டார். அப்போதும் அசைவில்லை.

முதலாளிக்குப் பூரிப்பு. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். என் பக்கம் திரும்பி, "பக்தின்னா இதுதாண்ணே. நீங்கள்லாம் ஒரு கண்ணத் தெறந்து வச்சுக்கிட்டுல்ல கும்பிடுறீக" என்றார்.

நான் அந்தத் திறந்திருந்த ஒரு கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரேசனின் முழங்கால், ஜாக்கியைத் திருகி இறக்குவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. பாதி இறங்கியதும் வெடுக்கென்று ஒரு தூக்கு. மறுபடி மெல்ல இறக்கம். நாற்பது வருஷம் கோயில் கோயிலாகப் போனவன் நான். உருகிக் கும்பிடுகிறவனைத் தெரியும். உறங்கிக் கும்பிடுகிறவனையும் தெரியும்.

பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, மெதுவாகக் கேட்டேன். "ஏலே, என்னத்தப் போட்ட?"

கண்ணைத் திறந்தான். நான் யாரென்று அடையாளம் காண அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஒண்ணுமில்லண்ணே. மேலெல்லாம் தடிச்சுத் தடிச்சு அரிப்பு. பெரியாசுபத்திரியில குடுத்த மாத்திரைதான். டாக்டரம்மா எழுதிக் குடுத்ததுண்ணே, கள்ளத்தனமா ஒண்ணுமில்ல."

"அது மட்டுந்தானா?"

"காலையில அரிப்பு தாங்கல. கம்பவுண்டர்ட்ட ஒரு வெள்ளை வாங்கிப் போட்டேன்."

"வண்டிய எடுப்பியாலே?"

"எடுத்துருவேண்ணே" என்றான். அப்புறம் குரலை இன்னும் தாழ்த்தி, "இன்னைக்கு விட்டா எனக்கு அடுத்த வண்டி எப்பண்ணே வரும்?" என்று கேட்டான்.

தம்பிகளே, அன்று நான் நின்ற நிலையை நீங்கள் யோசித்துப் பாருங்கள். நான் வாயை மூடிக்கொண்டால், தூங்குகிற கண்ணோடு ஒருவன் முழு லோடு உப்பை ஏற்றிக்கொண்டு, அமாவாசைக் கூட்டம் நெருக்கியடிக்கிற பாம்பன் பாலத்தின் மேல் போவான். வாயைத் திறந்தால், வருஷக்கணக்காகக் காத்திருந்தவன் கையிலிருந்து வண்டியைப் பிடுங்கியவன் நானாவேன். அதுவும் அவனுக்காகச் சிபாரிசு செய்த நானே.

மூன்றாவது ஒரு வழியும் தெரிந்தது. காற்றில் கற்பூரம் சீக்கிரம் அணைந்துவிட்டது, சகுனம் சரியில்லை என்று நான் முணுமுணுத்தால் போதும். முதலாளி அன்றைக்கு வண்டியை நகர்த்தவே மாட்டார். ஆனால் சாமி சொல்லாததைச் சாமி தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. அது மட்டுமில்லை. அப்படிச் சொன்னால் அந்த வண்டி ராசியில்லாத வண்டி, கதிரேசன் ராசியில்லாத டிரைவர். தூக்கம் சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும். ராசியில்லாதவன் என்ற பேர் தெளியவே தெளியாது.

அதனால் உள்ளதையே சொன்னேன். "மொதலாளி, இவன் கும்பிடல. தூங்குறான். தூக்கம் வார மாத்திரை போட்டுருக்கான். இன்னைக்கு இவன் ஓட்டக் கூடாது."

முதலாளியின் முகம் சுருங்கியது. சொந்தக்காரர்கள் முன்னால் அவர் காட்டிப் பெருமைப்பட்ட பக்தி அல்லவா? கதிரேசனைக் கிட்டத்தில் கூப்பிட்டு, "ஊதுலே" என்றார்.

ஊதினான். முதலாளி மோந்து பார்த்தார். நம்பாமல் எடைமேடைக்காரரைக் கூப்பிட்டார், அவர் மோந்து பார்த்தார். கடைசியில் மருத்துவ நிபுணர் என்ற முறையில் கம்பவுண்டரும் மோந்து பார்த்தார். பல்பொடி வாசமும் விபூதி வாசமும்தான் வருகிறது என்று மூன்று மூக்கும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லின.

நம் தொழிலின் மொத்த மருத்துவப் பரிசோதனையும் இவ்வளவுதான், தம்பிகளே. வாயில் வாடை வந்தால் குற்றவாளி. வாடை வராவிட்டால் உத்தமன், விமானமே ஓட்டலாம். மாத்திரைக்கு வாடை கிடையாது என்பதை யாராவது இந்த மூக்குகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

"வாடை இல்ல. நேரம் போயிக்கிட்டிருக்கு. ஏறுலே வண்டியில" என்றார் முதலாளி. கம்பவுண்டர் உடனே அல்வா டப்பாவைத் திறந்தார். ஒரு ரோஸ் மாத்திரையும் ஸ்ட்ராங்காக ஒரு டீயும் போட்டால் கண் விளக்கு மாதிரி எரியும் என்றார். ஒரே வயிற்றுக்குள் ஒரு மாத்திரை தாலாட்டுப் பாடவும் இன்னொரு மாத்திரை தவில் அடிக்கவும் ஏற்பாடு. நான் டப்பாவைப் பிடித்து மூடினேன். டீ குடித்தால் டீயின் ருசிதான் கிடைக்குமே தவிர, மருந்தின் வேலை நிற்காது. டாக்டர் கூட்டத்தில் சொன்னதும் இதுதான், நீங்கள் உறங்கிய இடம் இது.

புது வண்டி முதலில் நகரும்போது வீட்டுப் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போவது நம் பக்கத்து வழக்கம். முதலாளியின் மகளைக் கீழக்கரை வரை வண்டியிலேயே கதிரேசனோடு அனுப்புவதாகவும், முதலாளி வீட்டார் காரில் பின்னால் வருவதாகவும் பேச்சு. அது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"சரி மொதலாளி. நாஞ் சொல்றது தப்புன்னா பாப்பாவ ஏத்துங்க" என்றேன்.

அவர் நின்று யோசிப்பார் என்று நினைத்தேன். வீம்பு யோசிக்க விடுமா? மகளைத் தூக்கினார். அவர் வீட்டம்மாவின் கை தன்னால் முன்னால் வந்தது, இத்தனை பேர் இருக்கிறார்களே என்று அப்படியே நின்றது. பிள்ளையை முன் சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார் முதலாளி. ராமநாதசாமி, நான் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று உள்ளுக்குள் கூப்பிட்டுக்கொண்டே டிரைவர் பக்கக் கதவுக்கு ஓடினேன்.

கதிரேசன் ஏறி உட்கார்ந்திருந்தான். இஞ்சின் ஓட ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள் கை தட்டினார்கள். உள்ளே அந்தப் பிள்ளை, "மாமா, நான் ஹாரன் அடிக்கவா?" என்று கேட்டது.

அவன் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். இஞ்சின் நின்றது.

கீழே இறங்கி, பின்னால் சுற்றி வந்து, முதலாளி கையில் சாவியை வைத்தான். "பாப்பாவ எறக்கிக்கங்க மொதலாளி. எனக்கு ரெண்டு பாப்பா தெரியுது" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருங்க" என்றான்.

அந்தம்மா யார் முகத்தையும் பார்க்காமல் போய்க் கதவைத் திறந்து மகளை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். கம்பவுண்டர் டப்பாவைத் துண்டால் மூடினார். நாற்பது வருஷத்தில் நான் பார்த்த நல்ல டிரைவிங் எது என்று கேட்டால், அதைத்தான் சொல்வேன். வண்டி ஒரு அடிகூட நகரவில்லை.

இப்போது முதலாளியின் பாடுதான் பரிதாபம். தான் சொன்னது தப்பு என்று எப்படி ஒப்புக்கொள்வார்? சாவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாள்காட்டித் தாளை எடுத்துப் பிரித்தார். உதட்டை அசைத்துப் படித்தார். முகம் தெளிந்தது.

"ஏலே, நீ என்ன ராசி?"

"தெரியாது மொதலாளி. எழுதி வைக்கல."

"மிதுனமாத்தான் இருக்கும்" என்றார் முதலாளி. "பாத்தாலே தெரியுதே. இன்னைக்கு மிதுனத்துக்குச் சந்திராஷ்டமம். அதான் இப்படி. இது தெரியாம நான் பாட்டுக்கு ஒன்ன ஏறச் சொல்லிட்டேன்."

ராசிக்கு எட்டாம் வீட்டில் சந்திரன் நிற்கிற அந்த ரெண்டேகால் நாளில் புதுக் காரியம் தொடங்கக் கூடாது என்பது நம் நம்பிக்கை. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆமா ஆமா என்றார்கள். மாலையை மாற்றிப் போட்டது, கண்ணில் இரண்டாகத் தெரிந்தது, எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி அவர்களுக்கு. எந்தப் பொய்யைச் சொல்ல நான் அவ்வளவு தயங்கினேனோ, அதைவிடப் பெரியதை முதலாளி ஒரு செலவுமில்லாமல் சொல்லி முடித்துவிட்டார். "சந்திராஷ்டமம் கழிஞ்சு வந்து வண்டிய எடு. வண்டி ஒனக்குத்தான்" என்று கதிரேசனிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ராகு காலத்துக்கு முன்னால் சக்கரம் உருள வேண்டுமே. சாவி என் கைக்கு வந்தது. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நான் கிளம்பினேன். கதிரேசனைச் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கையில் ஏற்றிவிட்டார்கள். கீழக்கரை தாண்டியதும் குறட்டை ஆரம்பித்தது. ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் என்று எல்லா ஊருக்கும் அது கேட்டிருக்கும்.

பாம்பன் பாலத்தில் அமாவாசைக் கூட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தாதே என்று எழுதியிருக்கிற இடத்தில்தான் எல்லோரும் நிறுத்துவார்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரயில் பாலம் முழுசாகப் படத்தில் விழ வேண்டும் என்று ஒருவர் பின்பக்கமாகவே நடந்து வந்தார். தோளில் ஒரு சின்னப் பிள்ளை. கடலைப் பார்த்தபடி ரோட்டுக்குள் வந்துகொண்டே இருந்தார். நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்ற இடத்தில், அவர் முதுகுக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரு, இரு என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் படத்தை எடுத்து முடித்தார்.

அந்தக் குலுக்கலில் கதிரேசன் படுக்கையிலிருந்து உருண்டு விழித்தான். கண்ணாடி வழியாக அந்த முதுகையும், தோளில் காலாட்டிக்கொண்டிருந்த பிள்ளையையும் பார்த்தான். பாலம் முடிந்து வண்டி கீழே இறங்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"டாக்டரம்மா மேல தப்பு இல்லண்ணே" என்றான். "என்ன தொழில்னு கேட்டுச்சு. ஆடு மேய்க்கிறேன்னு சொல்லிட்டேன்."

"ஏம்லே?"

"டிரைவர்னு சொன்னா, குடிப்பியா, பீடி பிடிப்பியா, ஊர் ஊராப் போவியான்னு அத்தனை பேரு முன்னாடியும் கேக்கும். பக்கத்துல எங்க மாமியா நிக்கிது."

நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் ஆட்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிச் சீட்டில் விவசாயி, மீதிப் பேர் சொந்தத் தொழில். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியை நம்பினால் இந்த ஜில்லாவில் லாரி ஓட்ட ஆளே இல்லை, வண்டிகள் எல்லாம் சாமி அருளால் தானாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. கதிரேசனிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். "ஆடு மேய்க்கிறவன் தூங்கிட்டா ஆடு தானா வீட்டுக்கு வந்துரும்லே. லாரி வீட்டுக்கு வராது."

மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். வரிசையில் முன்னால் போய், "டாக்டர், நான் லாரி டிரைவர்" என்றான். அவன் பயந்தபடியே அவர் குடிப்பியா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். இல்லை என்றான். அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை. கம்பவுண்டரின் வெள்ளை மாத்திரை ஒன்றையும் நான் எடுத்துப் போயிருந்தேன். பேர் இல்லாத துண்டை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் தும்மலுக்குப் போடுவது என்றால் பெரும்பாலும் தான் எழுதிக் கொடுத்த அரிப்பு மாத்திரையின் சாதிதான், இரண்டும் சேர்ந்து ஆளை அமுக்கியிருக்கும் என்றார். அவ்வளவாகத் தூக்கம் தராத வேறு மருந்தை மாற்றி எழுதினார். அதையும் வீட்டில் இருக்கிற நாளில் போட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வண்டியைத் தொட வேண்டும் என்றார்.

இன்னொன்றும் சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன். இந்த மாதிரிக் கதையைக் கேட்டுவிட்டு, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வலிப்புக்கும் போடுகிற மாத்திரையைச் சிலர் தூக்கி எறிந்துவிடுகிறார்களாம். அது இதைவிட ஆபத்து. போட வேண்டியதைப் போடத்தான் வேண்டும், போட்டுக்கொண்டு ஓட்டலாமா என்பதைத்தான் கேட்க வேண்டும். கத்தரிக்காயைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

சந்திராஷ்டமம் கழிந்து, அரிப்பும் அடங்கி, கதிரேசன் அந்த வண்டியை எடுத்தான். இன்றைக்கும் அவன்தான் ஓட்டுகிறான். கண்ணாடிக்கு மேலே மகன் பேர் இருக்கிறது.

ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் ஸ்டாண்டில் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. மாத்திரை போட்டிருக்கிறேன், இன்றைக்கு ஓட்ட முடியாது என்று சொன்னால், "அதெல்லாம் ஒரு டீயக் குடி, சரியாப் போகும்" என்பார்கள் முதலாளிமார். எனக்கு இன்றைக்குச் சந்திராஷ்டமம் என்று சொன்னால் மறுபேச்சே கிடையாது. சாவியை வாங்கி மாட்டிவிட்டு, பத்திரமாக வீட்டுக்குப் போ என்பார்கள். இது பரவிப் பரவி, மழைக்காலத்தில் ஊரெல்லாம் சளியும் காய்ச்சலும் பிடிக்கும்போது, பன்னிரண்டு ராசிக்கும் ஒரே நாளில் சந்திராஷ்டமம் வருகிறது. கம்பவுண்டர்கூடப் போன வருஷம் இருமிக்கொண்டே வந்து, தனக்கு எட்டில் சந்திரன் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற நவபாஷாணக் கோயிலுக்கு நான் போகும்போதெல்லாம், நவக்கிரகமாக நிற்கிற ஒன்பது கல்லையும் சுற்றி வந்து, சந்திரனிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். செய்யாத குற்றத்துக்கெல்லாம் அவர் பேரை இழுக்கிறோமே.

தம்பிகளே, நீங்கள் முதலில் உண்மையைச் சொல்லிப் பாருங்கள். மாத்திரை போட்டிருக்கிறேன், என் கண் நிற்கவில்லை, இன்றைக்கு ஓட்ட மாட்டேன் என்று நேராகச் சொல்லுங்கள். கேட்கிற முதலாளி கிடைத்தால் அது உங்கள் புண்ணியம். கேட்காவிட்டால் தயங்காமல் சந்திரனைச் சொல்லிவிட்டு இறங்குங்கள். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.